ஆறு பக்கம்

சோஹார் துறைமுகத்தில்
நாற்பது மீட்டர் உயரத்தில் எனக்கொரு கண்ணாடி அறை.
காலடியிலும் கண்ணாடி.
கீழே கப்பல், பெட்டிகள், எறும்பளவில் கையசைக்கும் ஆள்.
மூத்திரம் வந்தால்
இறங்க ஒன்பது நிமிடம், ஏறப் பதினொன்று.
அதனால் பதினாறு வருஷம்
தண்ணீர் குடிக்காமலிருப்பதையே
தொழில் திறமை என்று வைத்திருந்தேன்.

முதல் கல்லை வெயில் கல் என்றார்கள்.
கேம்ப்பில் பாதிப் பேர் பெற்றுப்போட்டவர்கள்தான்.
ஷாபுதீன் தன்னுடையதைத் தீப்பெட்டியில் வைத்திருந்தான்,
ஊருக்குப் போனால் காட்ட.
பீர் அடி, போயிடும் என்றான் ஒருவன்.
வாழைத்தண்டு என்றான் இன்னொருவன்.
இரண்டும் செய்தேன்.
இரண்டாவது வந்தது, மூன்றாவது வந்தது.
நான்காவதை ஒலியால் அடித்து உடைக்கப் பார்த்தார்கள்.
அத்தனை அடிக்கும் அது அசையாமல் கிடந்தபிறகுதான்
டாக்டர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

அப்பா அம்மா சொந்தமா?
அத்தை மகன், மாமன் மகள்.
உன் மனைவி?
மாமா மகள்.
எழுதிக்கொண்டார்.
பேனா ஓடும் சத்தம்.

லேபில் வறீது என்று ஒரு சாலக்குடிக்காரர்
மைக்ராஸ்கோப்பை என் கண்ணுக்கு விட்டுக்கொடுத்தார்.
என் மூத்திரத்தில் கண்ணாடிச் சில்லுகள்.
ஒவ்வொன்றுக்கும் ஆறு பக்கம்,
அளந்து வெட்டியதுபோல, பிசிறே இல்லை.
அழகா இருக்கு என்று சொல்லிவிட்டு
ஏன் சொன்னோமென்று வெட்கப்பட்டேன்.

சிஸ்டைன் என்று பெயராம்.
சிறுநீரகம் திரும்ப எடுத்துக்கொள்ள மறந்து
வெளியே விட்டுவிடுகிற ஒன்று.
இந்த மறதி இரண்டு பக்கமிருந்தும் வரவேண்டும்.
அப்பாவிடம் பாதி, அம்மாவிடம் பாதி,
அவர்களுக்கு ஒரு வலியுமில்லாமல்.
நிலம் வெளியே போகக்கூடாதென்று
கட்டிவைத்த கல்யாணம்.
நிலம் போய்விட்டது.
இது போகவில்லை.

தீராது. அடக்கி வைக்கலாம்.
நாளுக்கு நான்கு லிட்டர்.
கருவாடும் ஊறுகாயும் இனி அடுத்தவன் தட்டில்.
பொடி ஒன்று மூன்று வேளை,
அது வேலை செய்கிறதா என்று
ஒரு மஞ்சள் தாளை நனைத்து நிறம் பார்க்க வேண்டும்.
ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம்.
தொழுகைக்கா என்று தூக்கத்தில் கேட்பான் ஷாபுதீன்.
தண்ணிக்கு என்பேன்.
கடலைக் காய்ச்சி எடுத்த தண்ணீர்.
ஆறே ஓடாத ஊரில்
ஆறு பக்கக் கல்லுக்காக
தினம் ஒரு ஆற்றைக் குடிக்கிறேன்.

ஃபோர்மேனிடம் கடிதம் கொடுத்தேன்.
கப்பலுக்கு நிமிடக் கணக்கு, தெரியுமில்லையா என்றார்.
தெரியும்.
ஒரு வாரம் கழித்து
கேபினில் மூடி போட்ட கேன் ஒன்று இருந்தது.
யார் வைத்ததென்று நான் கேட்கவில்லை.
அவரும் கண்டுகொள்ளவில்லை.

ஏணியில் ஏறும்போது இப்போதெல்லாம்
நட்டுகள்தான் கண்ணில் படுகின்றன.
எல்லாவற்றுக்கும் ஆறு பக்கம்.
இத்தனை இரும்பையும்
என்னையும் சேர்த்துப் பிடித்து நிற்பவை.
முழுசாகக் கோபப்படவும் முடியவில்லை.

நேற்று ஒரு பெட்டி
கம்பிவடத்தில் ஆடிக்கொண்டிருக்கும்போது
போன் அதிர்ந்தது.
மகளின் ரிசல்ட்.
பெட்டியை இறக்கி
பூட்டு விழும் சத்தம் கேட்டபிறகுதான் திறந்தேன்.
வறீது காட்டிய அதே சில்லுகள்,
ஏழு வயசில்.

அழுவாளென்று நினைத்துப் பூங்கோதையைக் கூப்பிட்டேன்.
அவள் கேட்டாள்:
"பாடம் நடக்கும்போது பாத்ரூம் விடமாட்டாங்களே,
டீச்சருக்கு என்னன்னு எழுத?"
சொன்னேன். எழுதினாள்.
சிஸ்டைனில் இரண்டு முறை அடித்துத் திருத்தினாள்.
பிறகு கொஞ்சநேரம்
இருவரும் போனை வைக்காமல் சும்மா இருந்தோம்.

அங்கே ராத்திரி இரண்டு என்றால்
இங்கே பன்னிரண்டரை.
அலாரத்தை மாற்றி வைத்தேன்.
திரையில் மகள், கண் திறக்காமல்,
டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு
நீங்க மொதல்ல என்கிறாள்.