மூன்று ஏ

வெள்ளிக்கிழமைக்குள் படிவம் வேண்டுமாம்.
பினாங்கில் மனநலப் பயிற்சி, மூன்றாம் ஆண்டு முடிகிறது.
குழந்தைகள், முதியோர், போதை மீட்பு, நீதிமன்றம்:
ஒரு கட்டத்தில் மட்டும் குறி.

சுஹைலா நீதிமன்றப் பக்கம் போகிறாள்.
"அங்கேதான் எல்லாரும் நேரத்துக்கு வருவாங்க,
போலீஸ் கூட்டிட்டு வருதே" என்று சிரிக்கிறாள்.
என் சின்னம்மாவுக்கு எல்லாம் ஒன்றுதான்:
"எப்படியும் தஞ்சோங் ரம்புத்தான்தானே?"

நான் முதியோர் என்றே இருந்தேன்.
திருமதி கூ பதினொரு தடவை
"சாப்பிட்டாயா" என்று கேட்டார்.
பதினொன்றாவதில்தான்
சாப்பிடவில்லை என்பது எனக்கே தெரிந்தது.

அப்புறம் இந்தப் புதன்,
ஜெலுத்தோங் அடுக்குமாடியிலிருந்து ஒரு பையன்.
ஏழு வயது. ஐந்து மாதமாய்ப் பேச்சில்லை.
தாளில் மின்தூக்கிப் பொத்தான்கள் வரைந்தான்:
ஒன்று, இரண்டு, மூன்று, மூன்று ஏ, ஐந்து.
பென்சிலை அந்த ஏ-யின் மேல் ஊன்றியபடி
என்னைப் பார்த்தான்.

சாவைப் போல ஒலிக்குமென்று
நாலை எடுத்துவிட்ட கட்டடம் அது.
அவன் அப்பாவைக் கீழே இறக்கியது
எந்த மாடியிலிருந்து என்று
கோப்பில் இருந்தது.
நான் அந்தப் பக்கம் வரை படித்திருக்கவில்லை.

ஐம்பது நிமிடம். ஒரு சொல் இல்லை.
போகும்போது தாளை எட்டாய் மடித்து
என் கையில் திணித்தான்.

வெள்ளி, மணி நாலரை.
டாக்டர் ஊய் கதவில் எட்டிப் பார்க்கிறார்: "முடிவாச்சா?"
பைக்குள் துழாவுகிறேன்.
சாவி, காய்ந்த ரொட்டி, பேருந்து அட்டை,
விரலில் அகப்படுவது படிவமில்லை.

"திங்கள் தருகிறேன்" என்கிறேன்.
அடுத்த புதன், பத்து மணி,
பென்சிலால் இல்லை, பேனாவால்
அவன் பெயரை எழுதிவிட்டேன்.