ஓரவஞ்சனை

மென்டோசாவிலிருந்து ஒயின் பெட்டிகளோடு
கிழக்கே போகும்போது
வடக்கு என் இடப்பக்கம்.
எங்கள் நாட்டுச் சூரியன்
வடக்கே நின்றுதான் எரிப்பான்.
இருபத்தாறு வருடம்:
ஒரே ஜன்னல், ஒரே கன்னம்.
திரும்பி வரும்போது அவன் வலப்பக்கம் வருவான்.
அங்கே அவனுக்கும் எனக்கும் நடுவே
ஒரு காலி இருக்கை.

டாக்டர் கஸ்பாரியன் ஒரு வெள்ளை அட்டையை
என் மூக்கின் மேல் செங்குத்தாக நிறுத்தினாள்.
"பாருங்கள், நெலிதா."
இடது பாதியை மறைத்தாள்:
நாற்பத்தெட்டு.
வலது பாதியை மறைத்தாள்:
அறுபத்திரண்டு.
எனக்கு ஐம்பத்தைந்து.
கூட்டி வகுத்தால் கணக்கு சரிதான்.

பிறகு கடை விரித்தாள்.
களிம்பு: பட்டாணி அளவு, இரவில் மட்டும், ஆறு மாதம்.
முதலில் எரியும், பிறகு உரியும், பிறகு ஒருவேளை.
அந்த ஒருவேளையில் மட்டும் குரல் இறங்கியது.
ஊசி: பள்ளத்தில் ஜெல்லை நிரப்புவது.
லபூலாயே தாண்டி
தார் ஊற்றி மூடிய குழிகளை எனக்குத் தெரியும்,
முதல் மழைக்கே மேடாய் எழும்பும்.
"சிலருக்கு நீலம் பாரிக்கலாம்" என்றாள்.
லேசர்: ஒரு வாரம் சிவப்பு,
மூன்று மாதம் வெயில் படக் கூடாது.
நான் சிரித்துவிட்டேன்.
அவள் சிரிக்காமல் அந்த வரியை அடித்தாள்.
கத்தி: கீழிமையின் உட்புறம் கீறி
பிதுங்கிய கொழுப்பை எடுப்பது.
பை போகும். கோடுகள் போகாது.
பன்னிரண்டு தவணை.
பெசோவில் என்றால்
இந்த விலை வெள்ளிக்கிழமை வரைக்கும்தான்.

ருஃபினோ பெட்ரோல் பங்கில் எலூத்தேரியோ கேட்டான்:
"யாருக்காக இதெல்லாம்?"
மீசைக்கு மை அடிக்கிறவன் கேட்கிற கேள்வி.
"அச்சுக்கு கிரீஸ் வைக்கிறாயே, அது யாருக்காக?"
அவன் வாயடைத்துப் போனான்.
நல்ல பதில்தான்;
ஆனால் உண்மை இல்லை.

உண்மை இது:
போன வருடம் கம்பெனி
ஸ்டியரிங்குக்கு மேலே ஒரு கேமரா வைத்தது.
கட்டைவிரல் அளவு. கண்ணைப் பார்க்கும்.
ஒன்பது மணி நேரம் தூங்கி
குளித்துக் கிளம்பிய காலையில்
"ஓட்டுநர் சோர்வு" என்று கூவியது.
மறுநாளும். அதற்கு மறுநாளும்.
மூன்று கூவலுக்கு ஒரு கடிதம்,
மூன்று கடிதத்துக்கு ஒரு பேச்சு.
என் இடக் கண்ணின் கீழே தொங்குவதை
அது தூக்கம் என்று படித்தது.
வலப்பக்கம் வைத்திருந்தால்
என்ன எழுதியிருக்குமோ.

இதுவும் முழு உண்மை இல்லை.
கேமரா வருவதற்கு முன்பே
பின்பக்கக் கண்ணாடியைத் திருப்பி
விரலால் அந்தத் தோலை இழுத்துப் பார்த்திருக்கிறேன்,
சுங்கச்சாவடி வரிசையில்,
பின்னாலிருந்து ஹாரன் அடிக்கும்வரை.

"இடது மட்டும்" என்றேன்.
டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள்.
"அப்படி யாரும் கேட்டதில்லை."
"வெயிலும் யாரையும் கேட்டதில்லை."
பாதி விலை கேட்டேன்.
முக்கால் விலைக்கு இறங்கினாள்.
"ஆனால் முதல் சிகிச்சை உங்களுக்கு இல்லை,
ஜன்னலுக்கு" என்று
புற ஊதாவைத் தடுக்கும் ஒட்டுத்தாள் கடை
ஒன்றின் முகவரி எழுதித் தந்தாள்.
மருந்துச் சீட்டில்தான் எழுதினாள்.

ஜூலையில் கீறினார்கள்.
ஐந்து நாள் கத்தரிக்காய் நிறம்,
பிறகு மஞ்சள், பிறகு நான்.
கோடுகள் அங்கேயேதான் இருக்கின்றன,
பை இல்லாமல்
இன்னும் நன்றாகத் தெரிகின்றன.
சோப்புப் போடும்போது விரல் தேடுகிறது,
பல் பிடுங்கிய இடத்தை நாக்கு தேடுவது போல.

கேமரா ஒரு மாதம் வாய் திறக்கவில்லை.
செப்டம்பரில் ஒரு நாள்
வில்லா மெர்சிடெஸுக்கு அப்பால்,
பிற்பகல் மூன்றரை,
புது ஒட்டுத்தாள் வழியே
வெயில் தேநீர் நிறத்தில் மடியில் கிடக்க,
கூவியது.
திட்ட வாயெடுத்தேன்.
அடுத்த மைல்கல் எப்போது கடந்தது என்று
எனக்கே தெரியவில்லை.

வண்டியை
ஓரம் கட்டினேன்.