சாவி தொட்டியின் கீழ்

வியாழக்கிழமை இரவுதோறும்
எங்கள் மலைப்பயணம் புறப்பட்டுவிடும்,
திபிலிசியில், ஒன்பதாம் மாடியில்,
ஏக்காவின் சமையலறை மேசையில்.

மின்கட்டண ரசீதின் முதுகில்
கோச்சா பாதை வரைவான்.
காலை ஏழுக்குக் கிளம்புகிறோம் என்று எழுதி
அடிக்கோடும் போடுவான்.
அவனுடைய ஏழு என்பது பத்தரை.
எங்களுக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும்.
இருந்தாலும் ஏழு என்று எழுதுவதில்
ஒரு மிடுக்கு இருந்தது.

குத்தாயிசியில் காப்பி.
நக்கெரலா கணவாய்க்கு முன் பெட்ரோல்.
ஷாவோரி ஏரிக்கரையில் படமெடுக்க இருபது நிமிடம்.
பத்து போதும் என்றான் தமாஸ்.
அந்தப் பத்து நிமிடத்துக்காக
அரைமணி நேரம் சண்டை.
இருட்டுமுன் ஓனி.

பிறகு நான் சியாலாவுக்குப் போன் போடுவேன்.
மூன்று அறை, மரப் பால்கனி, எதிரே பனிமலை:
அவள் வீட்டைப் படத்தில் மட்டும் பார்த்திருந்தோம்.
"மழை வருமா?"
"எங்களிடம் சொல்லிவிட்டா வருகிறது?
வாருங்கள், கணப்பு மூட்டிவைக்கிறேன்."

வெள்ளிக்கிழமை ஒரு காரணம் பிறக்கும்.
வேனுக்குக் கிளச்.
தமாஸுக்குக் கடைவாய்ப்பல்.
ஏக்காவுக்கு ஆஸ்பத்திரியில் இரவு ஷிஃப்ட்.
ஒருமுறை காரணமே இல்லை;
போக வேண்டிய ஊரைப் பேசியே தீர்த்திருந்தோம்.

எட்டாவது முறை சொன்னபோது
கோபத்தின் நிழல்கூட இல்லாமல் சொன்னாள்:
"சரி, விரிப்புகளை மடித்துவைக்கிறேன்."
மீன்முள் போல
அது என் தொண்டையில் நின்றது.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை.
யாரும் எதுவும் எழுதவில்லை.
ஆறு நாற்பதுக்கு
கீழே ஹார்ன் அடித்தான் கோச்சா.

கணவாயில் எதிரே வருவது லாரியா மரமா
தெரியாத பனிமூட்டம்.
சாலை நடுவே அசைபோட்ட மாடுகள்
எங்களை ஒரு செய்தியாகவே மதிக்கவில்லை.
ஏரியைப் பனி விழுங்கியிருந்தது.
இருபது நிமிடமும் மிச்சம்.

ஓனியில் கதவு பூட்டியிருந்தது.
கதவில் ஒரு தாள்:
கடலுக்குப் போகிறேன். திங்கள் வருவேன்.
சாவி ஜெரேனியம் தொட்டியின் கீழ்.
மாலை ஆறுக்குப் பால் கறக்கவும்.
நிகோரா உதைக்கும், இடப்பக்கம் நிற்காதே.

பக்கத்து வீட்டுப் பாத்ரிக்கு எழுதியது அது.
எங்கள் நான்கு பேரையும் பார்த்தவன்
அக்கணமே பதவி விலகி
வேலிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டான்,
வேடிக்கை பார்க்க.

பூமிக்கடியில் நாளெல்லாம்
மெட்ரோ ரயில் ஓட்டுகிற தமாஸ்
முக்காலியில் உட்கார்ந்தான்.
இடப்பக்கம்.

நாங்கள் அவன் முழங்காலுக்கு
ஈரத்துணி தேடிக்கொண்டிருந்த நேரத்தில்
மூட்டம் விலகி
மலை வெளியே வந்து நின்றிருக்கிறது.
கோச்சா ஒருவன்தான் பார்த்தான்.
எல்லாவற்றையும் எழுதிவைக்கிற கோச்சா.
எப்படி இருந்தது என்று கேட்டோம்.
"இருந்தது" என்றான்.

இரவு அவளைக் கூப்பிட்டேன்.
"உங்கள் வீட்டில்தான் இருக்கிறோம்."
அவள் சிரிப்புக்குப் பின்னால் அலைச் சத்தம்.
உரெகியில், கறுப்பு மணலில், வெறுங்காலோடு நிற்கிறாளாம்.
"வசந்தத்திலிருந்தே கிளம்பப் பார்க்கிறேன்.
வியாழன் வந்தால்
நீங்கள் வருவதாகப் போன் வந்துவிடும்."

நான் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்ல என்ன இருக்கிறது.

"கடல் எப்படி இருக்கிறது?" என்றேன், கடைசியில்.
"தட்டையாக.
எதுவும் எதையும் மறைக்கவில்லை.
பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.
மாடு உதைத்ததா?"

ஞாயிறு, திரும்பும் வழியில் குத்தாயிசி.
காப்பிக்குக் காசு தேடிய கோச்சாவின் பையிலிருந்து
அந்தப் பழைய ரசீது விழுந்தது.
முதன்முறையாக
அதன் முகத்தைப் படித்தோம்.
கடைசித் தேதி போன மாதமே போயிருந்தது.

ஒன்பதாம் மாடியில் விளக்கு எரியவில்லை.
தடவித் தடவி நாற்காலி கண்டுபிடித்து
நான்கு பேரும் உட்கார்ந்தோம்.
தமாஸின் சட்டையில்
இன்னும் பால் வாசம்.