யாரு பேர்லீங்?

அங்கேரிப்பாளையம் ரோடு, மூன்றாம் மாடி.
மூன்று பேர், ஒன்றரைக் குளியலறை
(அரை என்பது தாழ்ப்பாள் இல்லாதது).
ஹாட்ஸ்பாட்டைக் கறிவேப்பிலைபோல்
கடன் வாங்கித் திருப்பித் தராத வீடு.

ஞாயிறு மதியம் கூட்டம் போட்டோம்.
மூன்று கம்பெனியும் ஒரு மனிதரும்
பழைய ரசீதின் முதுகில்.

சகாயராணிக்கு ஏறும் வேகம் வேண்டும்.
இறங்குவதைத்தான் எல்லாரும் விற்கிறார்கள்,
ஏறுவதைப் பற்றி எவனும் வாய் திறப்பதில்லை என்பாள்.
இரவு பதினொன்றரைக்குச் சிகாகோவில் ஒருத்தி
குழந்தை பனியனின் கழுத்துப் பட்டியில்
நாலு மில்லிமீட்டர் குறைக்கச் சொல்வாள்.
திருத்திய படம் ஏறிப் போய்ச் சேராவிட்டால்
நாற்பதாயிரம் பனியன்
கட்டிங் மேசையிலேயே படுத்திருக்கும்.

மெஹ்ருன்னிசாவுக்கு வேகம் பொருட்டில்லை.
"நிக்காம இருக்கணும், அவ்வளவுதான்."
பள்ளப்பட்டியில் மூன்றரை வயதுப் பையன்
ஒன்பது மணிக்குத் தூங்குவான்.
படம் உறைந்துவிட்டால்
அம்மா கோவித்துக்கொண்டாள் என்று நினைக்கிறானாம்.
எந்த நொடியில் உறையும் என்று தெரியாததால்
பேச்சு முழுக்கச் சிரித்தபடியே இருப்பாள்,
பேதி மருந்து பற்றிப் பேசும்போதும்.

எனக்கு எது சல்லிசோ அது என்றேன்.

முதல் கம்பெனி, தமிழுக்கு இரண்டை அழுத்தச் சொன்னது.
அழுத்தினால் இசை. இசை முடிந்தால் மறுபடி இரண்டு.
அடுத்தவர்களின் வரைபடம்
நொய்யலுக்கு அந்தப்புறத்தோடு தீர்ந்துவிடுகிறது.
மூன்றாவது, மேல்வீட்டுப் பையன்களிடம் இருப்பது.
அவர்கள் சொன்ன வார்த்தையை எழுத முடியாது.

கேபிள் அர்த்தநாரி நேரில் வந்தார்.
செருப்பை வெளியே விட்டு ஏணியை உள்ளே கொண்டுவந்தார்.
"மழ பேஞ்சா லைன் போகுமுங்.
போனா நாந்தானுங் வரோணும்,
எம்பட நெம்பர் இதுதானுங்."
போகும் என்று ஒப்புக்கொண்ட ஒரே ஆள்.
சகாயராணி அப்போதே தலையாட்டிவிட்டாள்.

செவுத்துல ஓட்டை கூடாது கண்ணு என்று
வீட்டுக்காரம்மா கீழேயிருந்து கத்தினார்.
ஆகவே கம்பி
தாழ்ப்பாளில்லாத அறையின் வெண்டிலேட்டரில் நுழைந்து
கொடித்துணிகளோடு கொஞ்ச தூரம் நடந்து
அரிசி டிரம்மின் மேல் வந்து உட்கார்ந்தது.
மூன்று அறைக்கும் அதுதான் நடு.
அர்த்தநாரி காலடியால் அளந்து சொன்னார்.

"மாசம் எழுநூறுங்.
வருசத்துக்குக் கட்டுனா ரெண்டு மாசம் சும்மாங்."

ஏழாயிரம். ஆளுக்கு
இரண்டாயிரத்து முந்நூற்று முப்பத்து மூன்று,
மிச்சம் ஒரு ரூபாய்.
யாரும் வாய் திறக்கவில்லை.
மெஹ்ருன்னிசா நாள்காட்டியைப் பார்த்தாள்.
ஜூனில் பையனுக்கு எல்கேஜி, அங்கேயா இங்கேயா.
சகாயராணி நகத்தைப் பார்த்தாள்.
அவள் ஆபீசில் போன வாரம்
இரண்டு நாற்காலி காலி.
நான் ஏணியைப் பார்த்தேன்.
பெங்களூரிலிருந்து ஒரு வேலைக் கடிதம்
பதினெட்டு நாளாய் என் போனில் கிடக்கிறது.
அதைத் திறந்ததே
மெஹ்ருன்னிசாவின் ஹாட்ஸ்பாட்டில்தான்.

"யாரு பேர்லீங் எழுதறது?"

கோகிலவாணி என்றேன்,
வேறு யாரையோ மாட்டிவிடுவதுபோல்.

"வருசமாங்?"

"மூணு மாசம் இருக்குங்களா?"

"இருக்குதுங். சும்மா எல்லாம் கெடையாதுங்."

ஆளுக்கு எழுநூறு.
மிச்சமில்லாமல் வகுபட்டது.
ஏன் மூன்று என்று ஒருத்தியும் கேட்கவில்லை.
அவ்வளவு வேகமாக அந்த வீட்டில்
காசு சேர்ந்து நான் பார்த்ததில்லை.

ஒன்பது மணிக்குப் பள்ளப்பட்டியில் பையன் தும்மினான்.
நிற்காமல், முழுசாக ஒரு தும்மல்.
ஸ்வெட்டர் எங்கடா என்று
முகத்தைச் சுளித்துத் திட்டினாள் மெஹ்ருன்னிசா,
முதல் முறையாக.
அவனும் சுளித்துக் காட்டினான்.

பதினொன்றரைக்கு நாலு மில்லிமீட்டர் ஏறிப் போனது.
என் கடிதமும் இப்போது சுற்றாமல் திறக்கிறது.
படித்துவிட்டு மூடினேன்.

காலையில் சோற்றுக்கு அளந்து போட
ரூட்டரைக் கையில் தூக்கிக்கொண்டு நிற்கிறேன்.
இளஞ்சூடாக இருக்கிறது.
அரைப்படி போதுமா, ராணி?