அரசுத் தரப்பு நாலாம் சாட்சி

ஜெகதேவி ரோட்டில் எடைமேடை வைத்திருக்கிறேன்.
கல் வண்டி, புளி வண்டி,
வைகாசி பிறந்தால் மாங்காய் வண்டி.
முதலில் பாரத்தோடு, பிறகு வெறும் வண்டி.
கழித்தால் வருவது சரக்கு.
எனக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான்.

மண்டிக்காரர் சின்னராஜு
தோப்புக் கொட்டாயில் வெட்டுப்பட்டுக் கிடந்த மூன்றாம் நாள்
ஜீப் வந்து நின்றது.
பானெட் சூட்டில் தாளை வைத்தே கையெழுத்து வாங்கினார்கள்.
நாலு தாள். இரண்டில் எழுத்தே இல்லை.
"சும்மா சாட்சிக்குத்தாம்ப்பா" என்றார் ஏட்டு.
சாட்சிக்கு முன்னால் அந்தச் சும்மா
எவ்வளவு லேசாக உட்கார்ந்தது.

கிருஷ்ணகிரி கோர்ட்டில் அதைப் படித்துக் காட்டினார்கள்:
எதிரி தானே முன்வந்து
புளியமரப் பொந்திலிருந்து எடுத்துக் கொடுத்த
காம்பு அறுக்கும் கத்தி ஒன்று,
மேற்படி சாட்சியின் முன்னிலையில்.

மேற்படி சாட்சி நான்.
அந்த மரத்தைப் பிற்பாடுதான் போய்ப் பார்த்தேன்.
பொந்து இருந்தது. உள்ளே கிளிக்குஞ்சு கத்தியது.

"ஆமாங்க" என்றேன்.
மாற்றி மாற்றிக் கேட்டும் ஆமாங்க.
கூண்டுக்குள் திம்மராயன் என்னைப் பார்க்கவில்லை,
சட்டைப்பையைத் தடவிக்கொண்டே நின்றான்.
கைதான அன்று போட்டிருந்த சட்டை இல்லை அது.

ஆயுள்.

கொலை நடந்ததாகச் சொன்ன ராத்திரி
பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு
அவன் என் மேடைமேல் இருந்தான்.
பதினேழாயிரத்து முந்நூற்று நாற்பது கிலோ, பெங்களூரா.
சில்லறை இல்லை, நாளைக்குத் தர்றேன் என்றான்.
நகல் சீட்டின் ஓரத்தில் பேனாவால் எழுதினேன்:
திம்மு பாக்கி பத்து.
பத்து ரூபாயை மறக்காத கை அது.

மங்கம்மா மாங்கூழ் ஃபேக்டரியில் வேலை செய்கிறாள்.
விரலெல்லாம் பால் பட்டு வெந்த கருப்பு.
சீசனுக்கு ஒருமுறை ஷிப்ட் முடிந்து வருவாள்.
"அன்னைய சீட்டு இருக்குதாங்கண்ணா?"
"எலி கடிச்சிருச்சும்மா."
அழமாட்டாள். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போவாள்.
எலிக்குப் பயந்து
அந்தக் கட்டை நான் தகர டப்பாவில் வைத்திருந்தேன்.

ஆறாவது வருஷம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
மனசாட்சி என்றெல்லாம் சொல்லமாட்டேன்.
ஏட்டு ரிட்டயர் ஆகிவிட்டார், அவ்வளவுதான்.

ராயக்கோட்டை ரோட்டு மாடியில் வக்கீல் நசீமா
சீட்டைப் பிரித்தார். மை போய் வெறும் வெள்ளை.
பேனா எழுத்து மட்டும் நின்றது, பாக்கி பத்து.
செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தார்.
ஊசி குத்திய பள்ளங்களில் நிழல் விழுந்தது.
ஐந்து. இரண்டு. பதினொன்று.
வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு
"டீ சாப்பிடறீங்களா" என்று கேட்டார்.
திட்டியிருக்கலாம்.

ஹைகோர்ட்டில் விட்டார்கள், சந்தேகத்தின் பலனை அளித்து.
ஏழு வருஷம் காய்த்துக் கொட்டிய ஊரில்
அவன் பங்குக்கு விழுந்த பலன்.
என்னைப் பற்றியும் ஒரு வரி உண்டு:
நம்பத்தகுந்த சாட்சி அல்ல.
அதில் சந்தேகமே இல்லை.

வெட்டியவன் யாரென்று இன்றைக்கும் தெரியாது.
அவன் வண்டியையும் எடை போட்டிருப்பேன்.

போன வாரம் கரண்ட் போய் வந்த நேரம்
மேடை நடுவில் ஒரு ஆள் மட்டும் நின்றான்.
வண்டி இல்லை.
சேலம் ஜெயில் ஒட்டவைத்த கன்னம்.
பத்து ரூபாயைக் கண்ணாடி ஓட்டை வழியாகத் தள்ளினான்.

காலில் விழலாமா என்று யோசித்தேன்.
கை தானாகப் பொத்தானை அமுக்கியது.
ஐம்பது கிலோ.
பத்துப் பத்தாகத்தான் இந்த மெஷினுக்கு எண்ணத் தெரியும்,
நடுவில் இருப்பது அதன் கணக்கில் வராது.

"சீட்டு குடு" என்றான்.
ஊசி கரகரவென்று ஓடியது.
வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நாலாய் மடித்தான்.
பையில் ஏற்கெனவே ஒரு கட்டு இருந்தது:
பஸ் டிக்கெட், டீக்கடை பில், கட்டணக் கழிப்பறைத் துண்டு.

"எங்க போனாலும் ஒண்ணு வாங்கி வெச்சுக்கறேன்" என்றான்,
"இதுல நேரம் சரியா விழலை,
இன்னொரு தரம் போடு."