பதினாலாம் ஸ்தலம்

மௌல்மீன் கோயிலில் அப்போது
இரண்டு பெஞ்சைச் சேர்த்தால் ஒரு கட்டில்.
பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள்
கொயினா புட்டிகள், ஒரு ரம்பம்.

பெயர் கேட்க நேரமில்லை.
சுவரோரம் சிலுவைப்பாதைப் படங்கள் பதினாலு,
கீழே கிடந்தவர்களுக்கு அதுவே விலாசம்.
"மூணாம் ஸ்தலத்துக்குக் கஞ்சி."
"ஒன்பதுக்குக் காய்ச்சல் ஏறுது."

பதினாலுக்கு மட்டும் யாரும் போகமாட்டார்கள்.
கல்லறையில் வைக்கிற படம்;
எழுத்தறியாதவனுக்கும் விளங்கிவிடும்.
நினைவு தப்பி வந்தவர்களைத்தான் அங்கே கிடத்துவோம்.

கோயில்பிள்ளை நான்.
குண்டுச் சத்தம் ஓய்ந்த ஒரு ராத்திரி
ஏணி வைத்துக் கழற்றி
கூண்டுக்குள் ஒளித்தேன்.

விடிந்ததும் கண் திறந்திருந்தான்
சம்பான்காரன் அப்பலசாமி.
முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை.
"படம் எங்கே?" என்றான், அரைத் தமிழில்.
"பயப்படுவாயே என்று..."
"பயமா?
இந்தக் கோயிலிலேயே
சுத்தமான துணி சுற்றியிருந்தது
அந்த ஒருத்தருக்குத்தான்.
அதைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன்."

மறுபடி ஏணி.
இறங்கும்போது கண்ணில் பட்டது:
திருநாளுக்கென்று கஞ்சி போட்டு மடித்த
பீடத்து வெள்ளை விரிப்பு.

சாமியாரைக் கேட்கவில்லை.
நர்ஸ் நோ எஸ்தர் ஒரு முனையைப் பிடித்தாள்.
கிழிபடும் சத்தத்தில்
ஒன்பதாம் ஸ்தலம் விழித்து
தண்ணீர் கேட்டது.