துடைக்காத மூலை

"ஃப்ராவ் மாசிலாமணி!"
அப்பாவின் பெயருக்கு நான் எழுந்து போனேன்.
கார்ல்ஸ்ரூ, நான்காம் மாடி, காலை பத்தேகால்.
மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர்.
குமிழி விடும் தண்ணீர் வைத்தார்கள்.
பதிலுக்கு நடுவே ஏப்பம் வந்தால்?
தொடவில்லை.

வெள்ளைப் பலகையை யாரோ
அவசரமாகத் துடைத்திருந்தார்கள்.
கீழ்மூலையில் நீல மையில் மிச்சம்:
மூன்று பெட்டி, இரண்டு அம்பு.
மூன்றாவது அம்பு
வாலோடு நின்றுவிட்டது.
எனக்கு முன்னால் வந்துபோனவர்.
இடக்கைக்காரர். எழுதிய கையே
எழுத்தை இழுத்துக்கொண்டு போயிருந்தது.

எனக்கும் அதே கேள்வி.
ஒன்றின் கையை ஒன்று பிடித்த நீண்ட பட்டியல்.
அது எங்காவது முடிகிறதா,
இல்லை, தன் வாலைத் தானே பிடித்துச்
சுற்றிக்கொண்டிருக்கிறதா?

விடை தெரியும். பதினோரு வருடமாகத் தெரியும்.
ஆனால் கேட்டதும் சொன்னால் மனப்பாடம் என்பார்கள்.
அதனால் நெற்றியைச் சுருக்கி,
கொஞ்ச தூரம் தப்பான வழியில் போய்,
அடடா என்று திரும்பி,
இப்போதுதான் தோன்றியதுபோல் சொன்னேன்:
இரண்டு பேரை அனுப்புவோம்.
ஒருவர் ஓரடி, ஒருவர் ஈரடி.
பாதைக்கு முடிவு இருந்தால்
வேகக்காரர் வெளியே போய்விடுவார்.
வளையம் இருந்தால்
என்றைக்காவது இருவரும்
ஒரே இடத்தில் நிற்பார்கள்.

நடுவில் இருந்தவர் தலையாட்டினார்.
பச்சைச் சட்டைக்காரி என் தாளைத் திருப்பினாள்.
"இங்கே மூன்று வருடம் ஒன்றுமே இல்லையே?"
அந்த ஒன்றுமே இல்லாததற்கு
இப்போது நாலு வயது.
காலையில் ஷூவை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு
அதுதான் சரி என்று வாதாடுகிறது.
"இடைவெளி" என்றேன்.
ஜெர்மனில் பல் விழுந்த ஓட்டைக்கும் அதே சொல்.

எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா என்றார்கள்.
அந்த மூன்றாவது அம்பு எங்கே போக இருந்தது
என்று கேட்க வாயெடுத்து,
சோதனைகளை யார் எழுதுகிறார்கள் என்று கேட்டேன்.

துர்லாக்கர் தோர் நிறுத்தம். டிராமுக்கு ஆறு நிமிடம்.
பக்கத்தில் ஒருவர், ஐம்பது தாண்டியவர்.
யாருடைய கல்யாணத்துக்கோ தைத்த கோட்டு,
பொத்தான் எட்டவில்லை.
இடது கைச் சுண்டுவிரல் ஓரமெல்லாம் நீலம்.
"பெட்டி மூன்று, அம்பு இரண்டா?" என்றேன்.
"இரண்டரை" என்றார், சிரிக்காமல்.
பெயர் டெட்லெஃப். இருபத்தாறு வருடம் ஒரே வங்கி.
அக்டோபரில் அந்த மாடியையே மூடிவிட்டார்களாம்.
"வீட்டில் எல்லாம் தெரிகிறது.
மூன்று பேர் பார்த்தால் கை மறந்துவிடுகிறது."
ப்ரெட்செலைப் பிய்த்துப் பெரிய பாதியை எனக்குத் தந்தார்.
உப்பு அதிகம்.

பன்னிரண்டாம் நாள் கடிதம்.
நான் முழுதாகப் படிப்பதில்லை,
'லைடர்' என்ற சொல்லை மட்டும் தேடுவேன்.
இரண்டாம் வரியிலேயே இருந்தது.
கடைசியில் அப்பாவுக்கு
எதிர்காலம் சிறக்க வாழ்த்தியிருந்தார்கள்.

ஜனவரியில் ஒரு நேர்காணலில் ஆளே இல்லை.
திரையில் ஒரு வட்டம்
தொண்ணூறிலிருந்து கீழே எண்ணியது.
பின்னாலிருந்து மகன் கேட்டான்,
"அம்மா, யாரோட பேசுற?"
அதற்கும் நேரம் போதவில்லை.

பிப்ரவரியில் வீட்டுப்பாடம்.
மூன்று மணி நேரம் போதும் என்றார்கள்,
இரண்டு இரவு எடுத்தது.
வந்து சேர்ந்தது என்றுகூட ஒரு வரி இல்லை.

மார்ச்சில் ப்ஃபோர்ட்ஸ்ஹைம்.
வேறு கம்பெனி, அதே குமிழித் தண்ணீர்.
கதவு திறந்து டெட்லெஃப் வெளியே வந்தார்.
கோட்டு புதிது.
நான் உள்ளே போக எழுந்திருந்தேன்.
ஒரே மிதியடிமேல் இருவரும் நின்றோம்.

"ஆக, வளையம்தான்" என்றார்.

எங்களில் ஈரடிக்காரர் யார் என்று
கேட்டிருப்பேன்.
உள்ளேயிருந்து அப்பாவைக் கூப்பிட்டுவிட்டார்கள்.